இடக்கை மோதிர விரலுக்கு

உனக்குத்தான் எழுதுகிறேன்.
மற்ற ஒன்பதும் படித்தால் படிக்கட்டும்,
அவற்றில் எனக்குக் குறையில்லை.

ஏழு கீயில் நீ பிடிப்பது எஸ்.
ஒரேயொரு எஸ்.
மேலேயிருந்து பட்டை விழும்,
கோட்டைத் தொடும் கணத்தில் தட்ட வேண்டும்,
இவ்வளவுதான் விளையாட்டு.
நிமிசத்துக்கு நூற்றைம்பது வரைக்கும் நீயும் வந்தாய்.
நூற்றெழுபதில்
நடுவிரல் எழும்பினால் எழும்புகிறாய்,
அது குந்தினால் குந்துகிறாய்.
தனியே ஒரு வேலைக்கும் அனுப்பேலாது உன்னை.

உனக்கு மோதிரம் போட வீட்டில் பேச்சு நடக்கிறது.
நானோ
எஸ் டி எஸ் டி எஸ் டி என்று
இரவு பத்துக்குப் பிறகு உன்னை ஓட விடுகிறேன்,
களுவாஞ்சிகுடி மெயின் ரோட்டில்
கடைசி பஸ்ஸும் போன பிறகு.

வைகாசி முழுக்க அடித்தேன்.
காற்றாடி சூட்டைத்தான் சுற்றிச் சுற்றித் தந்தது.
கீக்களுக்கிடையே வியர்வை,
மணிக்கட்டில் கல்,
முழங்கையில் கல்,
கடைசியில் தோள்மூட்டு இறங்கிவந்து
உன் வேலையைச் செய்தது.
பக்கத்துப் பாயில் தம்பி டிலுக்சன்:
"என்னகா, இந்த நேரத்தில ஆணி அடிக்காய்?"
வலித்தால் வளர்கிறது என்று நினைத்திருந்தேன்.
யார் சொன்னது?
யாரும் சொல்லவில்லை, நானே சொன்னது.

மறுகா அந்தத் திங்கட்கிழமை.
வங்கியில் மூன்றாம் கவுண்டர்.
மண்டூரிலிருந்து நேசம்மா
நகை மீட்கக் கொண்டுவந்த காசு,
ஆயிரம் ரூபாய்த் தாளாக ஒரு கட்டு.
எண்ணினேன், தொண்ணூற்றெட்டு.
திரும்ப எண்ணினேன், நூற்றொன்று.
அவ ஒன்றும் சொல்லவில்லை.
பையின் வாயைத் திறந்து பார்த்தா,
சேலைத் தலைப்பை உதறிப் பார்த்தா,
பஸ்ஸுக்கு வைத்திருந்த சில்லறையையும்
கண்ணாடிக்குக் கீழால் தள்ளினா.

மெசினில் போட்டேன்.
நூறு.
நடுங்கியது நீ,
மன்னிப்புக் கேட்டது வாய்.

பதினொரு நாள்
கீபோர்டைத் துவாயால் மூடி வைத்தேன்.
தண்ணீர்ப் போத்தலின் மூடியைத்
தம்பிதான் திறந்து தந்தான்,
ஏன் என்று கேட்காமல்.

பன்னிரண்டாம் நாள் கரண்ட் போனது.
திரை செத்துக் கிடக்க, இருட்டில்,
சும்மா உன்னை எஸ்ஸின் மேல் வைத்தேன்.
பாட்டு இல்லை, பட்டை இல்லை,
துரத்த ஒன்றுமில்லை.
மெல்ல அழுத்தினேன்.
பாதி வழியில் ஒரு சின்னக் கிளிக்.
அதற்குக் கீழே இன்னும் இரண்டு மில்லிமீற்றர்,
அதற்கும் கீழே தகடு.

எழுத்து பாதியிலேயே விழுந்துவிடுகிறது!
மிச்சத்தையெல்லாம் இத்தனை மாதமும்
மேசைக்கல்லவா குத்தியிருக்கிறேன்.
மேசை எனக்கு என்ன செய்தது?

நூற்றிருபதில் திரும்பத் தொடங்கினோம்.
வெட்கம்தான்,
ஆண்டு இரண்டு வாங்கில்
முழங்காலை மடக்கிக் குந்தியது போல.
பத்து நிமிசம் தட்டு,
இரண்டு நிமிசம் கதிரைக்குக் கீழே
கைகளைத் தொங்கப் போடு.
சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை நாலு கூட்டு.
சில சனி கூட்டவில்லை.
ஒரு சனி குறைத்தேன்.

மார்கழியில் நூற்றெழுபத்தாறு.
நாலு நிமிசப் பாட்டு.
மூன்றரை நிமிசம் நின்றாய்,
நடுவிரலைப் பாராமல், தனியாக.
கடைசி முப்பது வினாடி
சாக்கு கிழிந்த நெல்லாய்ப் பட்டைகள் கொட்டுண்டன.
பதினேழை விட்டாய்.
தோல்வி என்று சிவப்பில் எழுதியது திரை.

கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.
கல் இல்லை.
போத்தல் மூடியை நானே திறந்து
ஒரு மிடறு குடித்துவிட்டு
முதலிலிருந்து தொடங்கினேன்.

பாயில் புரண்ட தம்பி
கண் திறக்காமலே சொன்னான்:
"மழ தூறுது கா.
உடுப்பெல்லாம் வெளிய கிடக்கு."